தோளிற் சுமக்கும் வள்ளம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. வாழ்வின் ஏற்றத் தாழ்வை உணர்த்த எழுந்த இம்மொழி, உலகின் ஒரு பகுதியில் உவமையாக அன்றி அன்றாடச் செயலாகவே நிகழ்கின்றது. அங்கே காலையில் வள்ளம் மனிதனைச் சுமக்கின்றது. சிறிது நேரத்தில் மனிதன் அவ்வள்ளத்தைத் தலைக்குமேற் கவிழ்த்துத் தோளிற் சுமந்துகொண்டு காட்டுவழியே நடக்கின்றான். மறுபடியும் நீரைக் கண்டதும் வள்ளம் அவனைச் சுமக்கின்றது. இவ்வாறு மாறி மாறிச் சுமந்து செல்வதெல்லாம் ஒரு சிறு மீனைத் தேடியே. அம்மீனின் பெயர் டிரவுட். அவ்விடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நியூயோர்க் மாநிலத்தின் வடபாகத்தில் உள்ள அடிரொண்டாக் மலைநாடு.

இம்மலைநாட்டின் பெரும்பகுதி 1892ஆம் ஆண்டில் ஒரு காப்புப் பூங்காவாக வரையறுக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறக்குறைய 60 இலட்சம் ஏக்கர். அஃதாவது இலங்கைத் தீவின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று மேற்பட்டது. அதனுள் ஏரிகளும் குளங்களுமாக ஏறக்குறைய 3,000 நீர்நிலைகள் உள்ளன. குளம் என்றதும் வன்னியிலும் அனுராதபுரத்திலும் அணைகட்டித் தேக்கிய வயற்குளங்களை எண்ணுதல் கூடாது. பனியூழிக் காலத்திலே மலைகளை மூடியிருந்த பெரும் பனிப்பாறைகள் நகர்ந்து தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து இயற்கையாய் அமைந்தவை அவை. பல குளங்களுக்கு வண்டிப் பாதை இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஒற்றையடிப் பாதைகளே உள. அப்பாதைகளை அங்குள்ளார் ‘சுமை’ என்றே பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். சென் றீஜிஸ் என்னும் பகுதியில் ஐம்பதுக்கு மேற்பட்ட குளங்கள் அருகருகே கிடக்கின்றன. இயந்திரப் படகுகளுக்கு அங்கே இடமில்லை. அவற்றினூடு செல்லும் பழைய வழியொன்றுக்கு ‘ஏழு சுமைகள்’ என்றே பெயர்.

இக்குளங்களில் வாழும் ஓடை டிரவுட் அந்நாட்டுக்கே உரிய மீன். கரும்பச்சை முதுகும், நீல வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகளும், வெண்கரையிட்ட செட்டைகளும் உடைய அழகிய மீன் அது. குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிக்க நீரிலன்றி அது வாழாது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசை எட்டினால் மேற்பரப்பை விட்டு ஆழத்துக்கோ, அடியில் ஊற்றெடுக்கும் இடத்துக்கோ ஒதுங்கிவிடும். ஆகவே பனிக்கட்டி உருகி நீங்கும் ஏப்பிரில் இறுதியும் அதனை அடுத்த சில வாரங்களுமே இம்மீனைப் பிடிக்க உகந்த காலமாகக் கருதப்படுகின்றன. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. ஏனெனில் வள்ளத்தைத் தெரியும்போது உயிரைப் பற்றிய ஒரு கேள்வி இதனோடு சேர்ந்து எழுகின்றது.

இனி, இம்மீனைப் பிடிக்க வள்ளம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். இலங்கையின் மலைநாட்டிலும் டிரவுட் உண்டு. 1880களில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதிக்கு அதன் முட்டைகளைக் கொணர்ந்து பொரிக்கச் செய்தனர். பின்னர் வந்த வானவில் டிரவுட் ஓட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. அங்கே கரையில் நின்றே தூண்டில் வீசலாம், வள்ளம் வேண்டியதில்லை. அடிரொண்டாக் குளங்களின் நிலை வேறு. அங்கே ஊசியிலை மரங்கள் நீர்விளிம்பு வரை நெருங்கி வளர்ந்திருக்கும். பல குளங்களின் கரையோரம் முழங்காலளவு புதையும் சேறாதலின் நீரில் இறங்கி நிற்றலும் இயலாது.

மரம் நெருங்கினால் என்ன குறை என்பதை உணர, பூச்சித்தூண்டிலின் இயல்பை அறிதல் வேண்டும். சாதாரணத் தூண்டிலில் இரையும் ஈயக்குண்டும் பாரமாக இருந்து நூலை இழுத்துச் செல்லும். பூச்சித்தூண்டிலிலோ இறகும் நூலும் மயிரும் கொண்டு ஈப்போலச் செய்யப்பட்ட பொய்ப்பூச்சியே இரையாகும். அதற்குப் பாரமே இல்லை. ஆகவே அங்கே தடித்த நூலே பாரமாக அமைகின்றது. தூண்டிற்காரன் கோலை மேலெடுத்து நூலைப் பின்புறம் வீசி, அது காற்றில் நேராக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பின்னர் முன்னோக்கி வீசுகின்றான். முன்னே நாற்பது அடி செல்ல வேண்டிய நூலுக்குப் பின்னேயும் ஏறக்குறைய அத்துணை வெளி வேண்டும். கரையில் நின்று வீசினாற் பூச்சி மரக்கிளையிற் சிக்கும். குளத்தின் நடுவிலிருந்து கரையை நோக்கி வீசினாலோ பின்புறம் முழுவதும் வெட்டவெளி. வள்ளத்தின் தேவை இதுவே.

தேவை தெளிந்தபின் தெரிவு எளிதாகும். வள்ளம் வாங்கச் செல்பவர் பெரும்பாலும் முதலில் நீளத்தைக் கேட்பர். பின்னர் விலையைக் கேட்பர். சிறு குளத்துத் தூண்டிற்காரன் முதலிற் கேட்க வேண்டியது பாரத்தை. காட்டுவழியில் ஒரு மைல் சுமக்க இயலாத வள்ளம் எத்துணைச் சிறப்புடையதாயினும் வீட்டு முற்றத்திற் கிடக்குமேயன்றிக் குளத்தைச் சென்றடையாது.

இவ்வுண்மையை அந்நாட்டவர்க்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் வொஷிங்ரன் சியேர்ஸ் என்பவர். 1821ஆம் ஆண்டு பிறந்த அவர் பென்சில்வேனியா மாநிலத்தில் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர். ‘நெஸ்மக்’ என்னும் புனைபெயரில் வேட்டை, மீன்பிடி பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியவர். ஐந்தடி மூன்றங்குல உயரமே உள்ள மெலிந்த உடலினர். நுரையீரல் நோயால் நலிந்தவர். அக்காலத்தில் அடிரொண்டாக் செல்லும் செல்வர்கள் வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்துவர். வழிகாட்டிகள் தம் பதினாறடிப் படகைத் துடுப்பு வலித்துச் செலுத்தி, சுமைவழிகளில் தோளிற் சுமந்தும் செல்வர். அப்படகின் பாரம் 60 இறாத்தலுக்கு மேல். அவர்களை அமர்த்தப் பொருளும், அப்படகைத் தாமே சுமக்க வலிவும் சியேர்சிடம் இல்லை. ஆகவே அவர் நியூயோர்க் மாநிலத்துக் கன்ரன் என்னும் ஊரில் வள்ளம் கட்டிய ஜே. ஹென்றி றஷ்ரனிடம் தமக்கேற்ற ஒரு சிறு வள்ளம் கேட்டார்.

1880ஆம் ஆண்டிற் கிடைத்த முதல் வள்ளம் 18 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டில் வந்தது 16 இறாத்தல். 1883ஆம் ஆண்டில் றஷ்ரன் கட்டிக் கொடுத்த வள்ளமோ பத்தரை இறாத்தலே இருந்தது. நீளம் 9 அடி. அகலம் 26 அங்குலம். நடுவில் ஆழம் 6 அங்குலம். மெல்லிய வெண்சீடர்ப் பலகைகளை ஒன்றன்மேலொன்று பொருத்திக் கட்டிய அவ்வள்ளத்துக்கு, சாள்ஸ் டிக்கன்சின் ‘மாட்டின் சசில்விற்’ நாவலில் வரும் சாராயப் பிரியையான தாதியின் பெயரைத் தழுவி ‘சேரி காம்ப்’ என்று சியேர்ஸ் பெயரிட்டார். அத்தாதி ‘தண்ணீர் சேர்ப்பதில்லை’. இவ்வள்ளமும் தண்ணீரை உட்கொள்ளக் கூடாது என்பது அப்பெயரின் நகைச்சுவை. அறுபது வயது கடந்த அந்நோயாளி அவ்வாண்டிலேயே அதிற் தனித்து 266 மைல் சுற்றி வந்தார். வழிகாட்டி இன்றி, செல்வம் இன்றி, வலிவும் இன்றி, ஒரு மனிதன் காட்டுக் குளங்களை நாடிச் செல்லலாம் என்பதற்கு அப்பயணம் சான்றாயிற்று.

ஆயினும் இக்கதையைக் கேட்டவுடன் ஒன்பதடி வள்ளமே சிறந்தது என்று முடிவு செய்தல் தவறு. சியேர்சின் உடற்பாரம் 110 இறாத்தல் அளவே. அவர் வள்ளத்தின் அடியிலேயே அமர்ந்து செல்லப் பழகியவர். 180 இறாத்தல் உடைய ஒருவர் அதில் ஏறினால் விளிம்பு நீரை முத்தமிடும். அவ்வள்ளத்திலிருந்து கற்க வேண்டியது அதன் அளவை அன்று. வள்ளத்தைத் தன் உடலுக்கும் தன் வழிக்கும் அளவெடுத்துத் தெரிய வேண்டும் என்னும் நெறியையே.

இதற்குப் பிந்திய மற்றொரு நிகழ்ச்சியும் இங்கே கருதத்தக்கது. 1944ஆம் ஆண்டில், கிறமன் என்னும் போர்விமானத் தொழிலகத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹொவ்மன் அடிரொண்டாக்கில் மீன்பிடிக்கச் சென்றார். மரச்சட்டத்தின்மேல் கித்தான் போர்த்திய வள்ளத்தை அவர் சுமைவழியிற் தூக்க நேர்ந்தது. நீரூறிய வள்ளம் தோளை அழுத்தவே, விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தகட்டால் வள்ளம் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். போர் முடிந்ததும் அவ்வெண்ணம் செயலாயிற்று. முதலில் வந்த பதின்மூன்றடி வள்ளம் ஏறக்குறைய 38 இறாத்தல் இருந்தது. பின் பல்லாண்டுகள் அமெரிக்க ஏரிகளில் அலுமினிய வள்ளமே பெருவழக்காயிற்று. தோளில் ஏற்பட்ட நோவே இரு முறையும் புதிய வள்ளத்தைப் பிறப்பித்தது என்பது நோக்கற்பாலது.

இன்று கிடைக்கும் வள்ளங்களை அவற்றின் பொருளால் வகுத்து நோக்கலாம். அப்பகுதியின் ஆதிக்குடிகள் பேர்ச் மரப்பட்டையாற் செய்த வள்ளமே இவை யாவற்றுக்கும் தாய். அதன் வடிவைப் பின்பற்றி, சீடர் மரச்சட்டத்தின்மேல் கித்தான் போர்த்தி வண்ணம் பூசிய வள்ளம் மெயின் மாநிலத்திற் சிறப்புற்றது. அது நீரில் ஓசையின்றிச் செல்லும், பழுதானாற் திருத்தலாம். ஆனால் பதினாறடி வள்ளம் 60 முதல் 80 இறாத்தல் வரை இருக்கும். அலுமினியம் பராமரிப்பு வேண்டாதது; வெயிலிலும் மழையிலும் கிடக்கலாம். ஆனால் கல்லில் உரசினாலும், துடுப்புத் தட்டினாலும் பெரும் ஓசை எழுப்பும். வார்த்தெடுத்த பிளாஸ்ரிக் வள்ளம் விலை குறைந்தது, அடிபடத் தாங்குவது, எனினும் பாரமானது. கண்ணாடியிழை வள்ளம் பாரத்திலும் விலையிலும் நடுத்தரமானது. கெவ்லார் என்னும் இழையை 1965ஆம் ஆண்டு ஸ்ரெபனி குவொலெக் என்னும் பெண் இரசாயன அறிஞர் கண்டறிந்தார். குண்டு துளையாக் கவசத்துக்குப் பயன்படும் அவ்விழையாற் செய்த பத்து முதல் பன்னிரண்டடி வள்ளம் 25 இறாத்தலுக்கும் குறைவாகவே கிடைக்கின்றது. அதனை ஒரு கையாலே தூக்கலாம். அதன் குறை விலையும், கூரிய கல்லில் மோதாது காக்க வேண்டிய கவனமுமே. சுமைவழியே முதன்மை என்பார்க்கு இதனினும் ஏற்றது அரிது. வண்டி செல்லும் கரையோரக் குளத்திலேயே மீன்பிடிப்பார் இத்துணை விலை கொடுக்க வேண்டியதில்லை.

பாரத்துக்கு அடுத்து வருவது வடிவம். நீண்ட வள்ளம் விரைந்து செல்லும், நேர்வழி தவறாது. குறுகிய வள்ளம் எளிதிற் திரும்பும். ஆனால் ஒருபக்கத் துடுப்பால் வலித்தால் மூக்கு அங்குமிங்கும் ஆடும். இரு முனையிலும் அலகுடைய துடுப்பை இடமும் வலமும் மாறி மாறி வலித்தால் இக்குறை நீங்கும். சியேர்சும் அத்தகைய துடுப்பையே பயன்படுத்தினார். சிறு குளத்தில் தனித்து மீன்பிடிப்பவர்க்குப் பத்து முதல் பன்னிரண்டடி போதுமானது. இருவர் செல்வதாயின் பதினைந்து அல்லது பதினாறடி வேண்டும்.

அகலத்தையும் அடித்தளத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். தட்டையான அடியுடைய வள்ளம் அமைதியான நீரில் ஆடாது நிற்கும். ஏறியவுடன் அது நம்பிக்கை தரும். ஆனால் ஓர் எல்லைக்கு அப்பாற் சரிந்தால் திடீரெனக் கவிழ்ந்துவிடும். உருண்டையான அடியுடைய வள்ளம் தொட்டவுடன் ஆடும். இரண்டுக்கும் இடைப்பட்ட, மெல்ல வளைந்த அடியே தூண்டிற்காரனுக்கு உகந்தது. அது சற்றே ஆடினும், சாயச் சாய எதிர்த்து நிற்கும். கவிழுமுன் எச்சரிக்கையும் தரும். பூச்சித்தூண்டில் வீசுபவனின் உடல் ஒவ்வொரு வீச்சிலும் சிறிது அசைதலின், முதல் நம்பிக்கையைக் காட்டிலும் இறுதிவரை தாங்கும் தன்மையே பெரிதாகக் கொள்ளத்தக்கது.

இருக்கையின் உயரம் மேற்கூறிய யாவற்றையும் மாற்ற வல்லது. உடலின் பாரம் எத்துணைத் தாழ்ந்திருக்கின்றதோ அத்துணை நிலைபேறு வள்ளத்துக்கு உண்டு. அடியிற் சிறு மெத்தையிட்டு அமர்பவர்க்கு 27 முதல் 30 அங்குல அகலம் போதும். உயர்ந்த இருக்கையில் அமர்வோர்க்கு அதனினும் அகன்ற வள்ளம் வேண்டும். ஆனால் தாழ அமர்பவர்க்கு ஓர் இடையூறு உண்டு. பின்புறம் வீசிய நூல் நீரைத் தொட்டுவிடும். நூலைச் சற்று மேனோக்கி வீசப் பழகுவதும், சற்று நீண்ட கோலைக் கொள்வதும் இதற்குப் பரிகாரம். எழுந்து நின்று வீசுதல் எளிதெனினும் சிறு வள்ளத்தில் அது தகாது.

ஏற்றத்தகும் பாரத்தையும் கணக்கிடல் வேண்டும். உடற்பாரத்தோடு கோல், நங்கூரம், உணவு, மழையுடை, மேற்சட்டை ஆகியவற்றையும் கூட்டுக. அக்கூட்டுத்தொகை கட்டுவோர் குறித்த உச்ச அளவினின்றும் மிகக் குறைவாக இருத்தல் நன்று. எல்லாம் ஏற்றியபின்னும் நடுப்பகுதியில் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஆறங்குலமேனும் இருத்தல் வேண்டும் என்பது பழகியோர் கொள்ளும் அளவை. ஒன்பதடி சேரி காம்பின் முழு ஆழமே ஆறங்குலம் என்பதை எண்ணினால், சியேர்ஸ் எத்துணைக் கவனத்தோடு சென்றிருத்தல் வேண்டும் என்பது புலனாகும்.

சிறு குளத்துக்கே உரிய வேறு சில தேவைகளும் உள. அவற்றுள் ஒன்று அமைதி. நீரில் ஒலி காற்றிற் செல்வதைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்லும். டிரவுட் தன் உடலின் இருமருங்கும் ஓடும் உணர்கோட்டினால் நீரின் மெல்லிய அதிர்வையும் அறியும். அலுமினிய வள்ளம் உடையோர் அதன் அடியிற் தடித்த துணியோ பஞ்சுத்தகடோ விரித்தல் வேண்டும். வள்ளத்தின் உட்புறமும் ஒழுங்காய் இருத்தல் அவசியம். வீசுமுன் தளர்த்திவிட்ட நூல் காலடியிற் சுருள் சுருளாய்க் கிடக்கும். துருத்திய ஆணி, கொக்கி, பையின் வார் ஆகிய ஒவ்வொன்றிலும் அது சிக்கும். ஆகவே வாங்குமுன் உட்புறத்தைக் கையாற் தடவிப் பார்ப்பது வீண்வேலையன்று.

மற்றொன்று காற்று. இலேசான வள்ளம் இலையைப் போற் காற்றில் நகரும். முனைகள் உயர்ந்து வளைந்த வள்ளம் கண்ணுக்கு அழகாயினும் காற்றுக்குப் பாய் விரித்தாற்போலாகும். தாழ்ந்த விளிம்பும் தாழ்ந்த முனையுமே குளத்துக்கு ஏற்றவை. வள்ளம் சுழலாது நிற்க, முன்னும் பின்னும் இரு சிறு நங்கூரங்கள் வேண்டும். இரும்பைச் சுமந்து செல்வதற்குப் பதிலாக வலைப்பையொன்றைக் கொண்டுசென்று, குளக்கரையிற் கல்லெடுத்து நிரப்பினால் தோளின் பாரம் குறையும். நங்கூரக் கயிற்றை முனையில் அன்றி வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டுதல் ஆகாது. காற்று வலுத்தால் அக்கயிறே வள்ளத்தைச் சரித்துவிடும்.

இருவருக்குரிய வள்ளத்தை ஒருவர் தனித்துச் செலுத்த நேர்ந்தால் பின்னிருக்கையில் அமர்தல் தவறு. முன்முனை எழுந்து, காற்றுக்குத் திசைகாட்டி போலச் சுழலும். இரு முனையும் ஒத்த வடிவினதாயின் முன்னிருக்கையில் பின்னோக்கி அமர்ந்து, அப்பக்கத்தையே முன்பக்கமாகக் கொள்ளலாம். இருவர் செல்லும்போது ஒருவர் வீச, மற்றவர் துடுப்பு வலித்தலே முறை. இருவரும் ஒருங்கே வீசினால் முள் மீனைக் காணுமுன் தோழரின் காதைக் காணும். தொப்பியும் கண்ணாடியும் இருவர்க்கும் வேண்டும்.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருதல் வேண்டும். டிரவுட் மேற்பரப்புக்கு வரும் நல்ல காலம் பனிக்கட்டி உருகிய காலம். அக்காலத்து வெயில் இதமாய் இருக்கும், பறவைகள் பாடும், மனிதன் மேற்சட்டையைக் களைவான். ஆனால் அவனுக்குக் கீழே ஓரடி ஆழத்தில் உள்ள நீரோ சில நாட்களுக்கு முன்வரை பனிக்கட்டியாய் இருந்தது. அந்நீரில் விழுந்தவன் குளிரால் உறைந்து இறப்பான் என்று பலர் எண்ணுவர். அதற்கு முன்னரே ஆபத்து நேர்கின்றது. முதல் ஒரு நிமிடத்தில் அடக்கவொண்ணாத மூச்சுத் திணறல் ஏற்படும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரையே உள்ளிழுப்பான். மூச்சுச் சீரானபின் ஏறக்குறையப் பத்து நிமிடமே கைகால்கள் பயன்படும். அதன்பின் விரல்கள் மரத்து, நீந்த வல்லவனும் நீந்த இயலாதவனாவான். உடல் முழுதும் குளிர்ந்து உணர்விழக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். அந்த ஒரு மணி நேரத்தைப் பெறுபவன் மிதவைச்சட்டை அணிந்தவன் ஒருவனே.

இக்காரணம் பற்றியே நியூயோர்க் மாநிலத்தில் நவம்பர் 1ஆந் தேதி முதல் மே 1ஆந் தேதி வரை, 21 அடிக்குக் குறைந்த படகுகளிற் செல்லும் யாவரும் மிதவைச்சட்டையை அணிந்தே இருத்தல் வேண்டும் எனச் சட்டம் உள்ளது. மே 2ஆந் தேதி குளத்து நீர் வெப்பமடைந்துவிடுவதில்லை என்பதை அறிவுடையோர் உணர்வர். சட்டை வள்ளத்தினுள் கிடந்தாற் போதாது; உடலில் இருத்தல் வேண்டும். வீசுவதற்குக் கை தடைப்படாத சட்டையைத் தெரிந்து வாங்கினாற் கழற்றும் எண்ணமே எழாது. இதற்கென ஒதுக்கும் பணத்தை வள்ளத்தின் விலையில் ஒரு பகுதியாகவே கருதுதல் முறை. விலையுயர்ந்த வள்ளத்தை வாங்கி, மிதவைச்சட்டைக்குப் பணம் போதவில்லை என்பவர், வாங்கியதும் தவறான வள்ளமே.

வாங்குமுன் வள்ளத்தைப் பரீட்சித்தல் அவசியம். வாடகைக்கு ஒரு நாள் எடுத்தோ, நண்பரிடம் இரவல் பெற்றோ மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, பிறர் உதவியின்றி அதனைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றி, கால் மைல் நடந்து, மறுபடியும் இறக்குதல். இரண்டாவது, கரையோரத்து ஆழமற்ற வெந்நாள் நீரில் அமர்ந்து, வேண்டுமென்றே ஒருபக்கம் சாய்ந்து, எவ்விடத்தில் அது எச்சரிக்கின்றது என அறிதல். மூன்றாவது, ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்து தூண்டில் வீசுதல். முதுகும் முழங்காலும் கூறும் தீர்ப்பை விற்பனையாளரின் சொல்லால் மாற்ற இயலாது.

வள்ளத்தை நன்கு தெரிந்தவனுக்கும் குளத்தின்பால் ஒரு கடமை உண்டு. இக்குளங்கள் வலிமையற்றவை. 1984 முதல் 1987 வரை அடிரொண்டாக்கில் 1,469 நீர்நிலைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 346இல் மீனே இல்லை எனக் காணப்பட்டது. தொலைவில் உள்ள நிலக்கரி மின்நிலையங்களின் புகையாற் பெய்த அமிலமழை அதற்கு ஒரு முதன்மைக் காரணம். 1990ஆம் ஆண்டு அமெரிக்கா நிறைவேற்றிய தூயகாற்றுச் சட்டத் திருத்தத்தால் அப்புகை பெரிதும் குறைந்தது. பல குளங்கள் மெல்ல மெல்லத் தேறி வருகின்றன. ஆனால் மனிதன் கவனமின்றிக் கொணரும் கேட்டுக்கு மழையைக் குற்றங்கூற இயலாது. உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுசென்று மிச்சத்தைக் குளத்தில் ஊற்றினால் அவை பெருகி டிரவுட்டை ஒடுக்கும். அதனாலேயே பல டிரவுட் குளங்களில் அவ்விரை தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு குளத்து நீர்ப்பாசியும் களைத்துண்டும் வள்ளத்தின் அடியில் ஒட்டி மற்றொரு குளத்துக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் வள்ளத்தைக் கழுவி, நீரை வடித்து, உலரவிடுதல் வேண்டும். இலேசான வள்ளம் தொலைவிலுள்ள குளத்தையும் எட்டச் செய்யும். எட்டாதிருந்ததனாலேயே பிழைத்திருந்த குளம் அது என்பதையும் செல்பவன் எண்ணுதல் தகும்.

சேரி காம்ப் பின்னர் சிமித்சோனியன் நிறுவனத்தின் உடைமையாயிற்று. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அச்சிறு வள்ளத்தைக் காண்போர், இதில் ஒரு மனிதன் ஏறினானா என வியப்பர். வலிவுள்ளோர்க்கெனக் கட்டிய படகுகள் நிறைந்த காலத்தில், வலிவற்ற ஒருவர் தம் தோளின் அளவை நாணாது எடுத்துரைத்தார். தொழில் வல்லான் ஒருவன் அதனைச் செவிமடுத்து அவ்வளவுக்கே கட்டிக் கொடுத்தான். இன்றும் மலைக்குளத்தை நாடி வள்ளம் வாங்கச் செல்பவர், தம் தோள் எவ்வளவு தாங்கும், தம் உடல் எவ்வளவு பாரம், தாம் செல்லும் வழி எவ்வளவு தூரம் என்னும் மூன்றையும் மறையாது கூறினால், அவர்க்குரிய வள்ளம் தானே அமையும்.